முதுகிலே ஒரு சீட்டு

   

நல்ல காரியத்துக்கு நிதி சேர்க்கச் சிறந்த வழி ஓசையில்லாமல் கொடுப்பதா, ஊரறிய ஓடித் திரட்டுவதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "சேற்றிலே விழுந்து புரண்டால்தான் தருமமா? எங்க ஊர் எருமை தினமும்தான் புரளுது. அதுக்கு எவன் நன்கொடை கொடுத்தான்?" (பலத்த சிரிப்பு) அம்மா, எருமை புரளுவது தன் உடம்புச் சூடு தணிய. நான் சொல்லப்போகிறவர்கள் இன்னொருத்தருக்காகப் புரளுகிறவர்கள். (கைதட்டல்)

1994ஆம் ஆண்டு. லண்டன் பாட்டர்சீ பூங்கா. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 680 பெண்கள் கூடினார்கள். 'ரேஸ் ஃபார் லைஃப்' என்று பெயர். பின்னாலே அதிலேயே சேற்றோட்டம் ஒன்று கிளை விட்டது. அதன் பெயர் 'பிரிட்டி மடி'. ஐந்து கிலோமீட்டர் தூரம். வழியெல்லாம் தடை. வலைக்கு அடியிலே தவழணும், ஏறணும், சறுக்கணும், கடைசியிலே சேற்றுக் குழி. வெள்ளைச் சட்டையோடு போனவர் வீடு திரும்பினால் வீட்டு நாயே குரைக்கும். (சிரிப்பு) 2019 முதல் ஆண்களும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். இதிலே முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்கிற பேச்சே இல்லை. ஓடலாம், நடக்கலாம். ஒரு தடை முடியவில்லையா, சுற்றிக்கொண்டு போகலாம்.

பணம் எப்படி வருகிறது? அங்கேதான் விஷயம் இருக்கு. ஓடப்போகிறவர் தெரிந்தவர்களிடம் எல்லாம் போகிறார். "நான் சேற்றிலே விழப்போகிறேன். நீ எவ்வளவு தருவே?" என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

சார், நன்கொடை கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு கேட்டவனுக்குத்தான் தெரியும். ரசீதுப் புத்தகத்தோட ஒருத்தர் தெருமுனையிலே திரும்பினாலே, இங்கே வீட்டுக்குள்ளே குரல் கேட்கும். "டேய், ஐயா இல்லைன்னு சொல்லு." சொல்லுகிற குரல் யாருது? ஐயாவுடையது! (பலத்த சிரிப்பு) பையன் நேரே வாசலுக்கு வந்து, "ஐயா இல்லைன்னு ஐயா சொல்லச் சொன்னாங்க" என்பான்.

வள்ளுவர் 'இரவு' என்று 106ஆம் அதிகாரம் வைத்தார். கேட்கத் தகுந்தவரிடம் கேட்கலாம் என்று சொன்ன மனுஷர், அடுத்த அதிகாரத்துக்கே 'இரவச்சம்' என்று பெயர் வைத்தார். கேட்பதற்குக் கூசுகிற கூச்சத்துக்குத் தனியாகப் பத்துக் குறள்! ஒரு பக்கம் கேட்டாகணும், ஒரு பக்கம் நாக்கு எழவில்லை. இந்த இரண்டு அதிகாரத்துக்கும் நடுவிலே மாட்டிக்கொண்டவனுக்கு இந்த ஓட்டம் கைகொடுக்கிறது. "சும்மா கேட்கலை. என் பங்குக்கு என் உடம்பை வைக்கிறேன். உன் பங்குக்கு நீ காசை வை." இப்படிக் கேட்கும்போது கேட்பவருக்கும் தலை குனியவில்லை, கொடுப்பவருக்கும் தலை கனக்கவில்லை.

எதிரணி நண்பர் ஒருவர், "ஒரு பணக்காரர் ஒரு காசோலை எழுதினால் முடிந்தது" என்றார். எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் கனடாவிலே டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பிள்ளை. புற்றுநோயாலே 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில், 21 வயதிலே, செயற்கைக் காலோடு நாட்டையே குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினான். அவன் கேட்டது ஒவ்வொரு கனடாக்காரரிடமும் ஒரே ஒரு டாலர். போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் பத்தாயிரம். அந்த ஊர் கொடுத்தது பத்தாயிரம் டாலர்! (கைதட்டல்) 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. ஓட்டம் நின்றது. 1981 பிப்ரவரியிலே நிதி இரண்டு கோடியே நாற்பத்தொரு லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைக்குக் கனடாவின் ஜனத்தொகையும் கிட்டத்தட்ட அதுதான். அந்த ஜூனிலே அவன் போய்விட்டான். ஓர் ஊரிலே ஒருவர் பத்தாயிரம் கொடுப்பதும், பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒன்று கொடுப்பதும் கணக்குப் புத்தகத்திலே ஒன்றுதான். ஊருக்குள்ளே ஒன்றாகுமா ஐயா?

ஆபத்து என்றீர்கள். உண்மை. 2013இல் அமெரிக்காவிலே, மேற்கு வர்ஜீனியாவிலே, இப்படி ஒரு தடை ஓட்டத்தில் தண்ணீரில் குதித்த இளைஞர் மூழ்கி இறந்துபோனார். மறைக்க மாட்டேன். வீரம் காட்டத்தான் ஓட்டம் என்றால் அதை நான் இந்த மேடையிலே ஆதரிக்கப் போவதில்லை. நுழைவுக் கட்டணம் யார் பைக்குப் போகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவருக்காகவும் நான் வாதாடவில்லை. தருமத்தின் பெயரிலே கடை விரிப்பவர்களும் உண்டு. டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் வருடா வருடம் நடக்கிற ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அப்படியும் நடத்தலாம் என்று காட்டியிருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, இந்த இங்கிலாந்து ஓட்டத்திலே ஒரு வழக்கம். ஓடுகிறவர் முதுகிலே ஒரு சீட்டைக் குத்திக்கொள்வார். யாருக்காக ஓடுகிறோம் என்று அதிலே எழுதணும். 'தங்கைக்காக', 'பாட்டிக்காக', சில சீட்டுகளிலே 'எனக்காக'.

என்னிடம் தமிழ் படித்த பெண் ஒருத்தி, இப்போது பர்மிங்ஹாமிலே இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மார்பிலே கட்டி. வெளியே சொல்லக் கூச்சம். இரண்டு வருஷம் புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னபோது வைத்தியத்துக்கு வழியில்லை. காரியம் நடந்த வீட்டிலேகூட 'உடம்பு சரியில்லாம இருந்தாங்க' என்றார்களே தவிர, நோயின் பெயரை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் பெண் அங்கே சேற்றோட்டத்துக்குப் போனாள். முதுகுச் சீட்டிலே தமிழிலே எழுதினாள், 'அம்மா' என்று. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வலைக்கு அடியிலே பின்னாலேயே தவழ்ந்து வந்து, "இது என்ன எழுத்தம்மா?" என்று கேட்டாராம். இவள் அங்கேயே, சேற்றிலே முழங்கையை ஊன்றியபடி, முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் முழுக்கதையும் சொன்னாளாம்.

படம் ஊருக்கு வந்தது. சித்தி போன் பண்ணி, "என்னடி இது கோலம்? முதுகிலே எதுக்கு அக்காவை எழுதியிருக்கே?" என்று கேட்டாங்க. இவள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்துச் சித்தி மெதுவாகச் சொன்னாங்களாம், "எனக்கும் ஒரு கட்டி இருக்குடி. ஆறு மாசமா." மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினார்கள். சாதாரணக் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். (நீண்ட கைதட்டல்)

அம்மையார் கேட்ட எருமைக்கு முதுகிலே சீட்டு ஏது? நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். நான் இறங்கிக்கொள்கிறேன்.