இறந்தார் கண்ணை எடுக்க உரியவர் யார்?

(நமது சங்கத்தின் புதுச்சேரிக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் நண்பரொருவர் கண்தானத்தின் மேன்மையைப் பற்றி விரிவாகப் பேசினார். தானம் சிறந்ததென்பதை நம்மவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொடுக்க ஒருப்பட்ட பின்னரும் கொடை கைசேராமற் போவது எங்ஙனம் என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். என் வீட்டில் நிகழ்ந்ததையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் விடியற்காலம் நான்கு மணிக்குக் காலமானார். தம் கண்களைத் தானஞ் செய்வதாக அவர் எழுதிக் கையொப்பமிட்டபோது சாட்சியாயிருந்தவன் நான். செய்தி சொல்லியனுப்ப, ஆறு மணிக்கெல்லாம் கண் வங்கியிலிருந்து ஓர் இளம் பெண்மணி சிறு பெட்டியுடன் வந்து சேர்ந்தார். "டாக்டர் எங்கே?" என்றார் எங்கள் பந்துக்களுள் மூத்தவர். "நான் டாக்டரல்ல, டெக்னீஷியன். சட்டம் அனுமதித்திருக்கிறது" என்று அப்பெண்மணி தம் அடையாளச் சீட்டைக் காட்டினார். "டாக்டரல்லாதார் பிரேதத்தின்மேல் கத்தி வைத்தால் நாளைக்கு வழக்கல்லவா வரும்?" என்று பெரியவர் மறுத்துவிட்டார். நான் வாய்திறவாது நின்றேன். தேடிப் பிடித்த டாக்டர் வந்தபோது மணி பதினொன்று. உயிர் நீங்கிய ஆறு மணி நேரத்திற்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். ஏழு மணி நேரம் கடந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அண்ணியார் என்னைக் கேட்டார்: "தம்பி, அவர் கையெழுத்து வைத்தபோது நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?"

அதன்பின்னரே நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

அப்பெண்மணி சொன்னது முற்றிலும் மெய். 1994ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம், கண்ணையும் செவியின் உட்பாகங்களையும் எவ்விடத்திலும், வீட்டிலேயே கூட, எடுக்கலாமென்று இசைந்தது. ஆனால் எடுப்பவர் பதிவுபெற்ற வைத்தியராயிருத்தல் வேண்டுமென்று விதித்தது. 2011இல் செய்த திருத்தம், தக்க படிப்பும் அனுபவமும் உடைய டெக்னீஷியனும் கருவிழியை எடுக்கலாமென்று அனுமதித்தது. 2014 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. மாநிலங்கள் தத்தம் சட்டசபைத் தீர்மானத்தால் அத்திருத்தத்தை ஏற்க வேண்டும். யூனியன் பிரதேசமாகிய நமது புதுச்சேரிக்கோ அது நேரே வந்துவிட்டது. இங்கிலாந்து தேசத்தார் இதே மாறுதலை 1986இலேயே செய்துகொண்டனர். காரணம் தெளிவானது. கண்ணெடுப்பது கால்மணி, இருபது நிமிஷ வேலை. மரணமோ வேளை பார்த்து வருவதில்லை. உயிரோடிருக்கும் நோயாளியை விட்டு டாக்டர் நள்ளிரவில் இழவு வீட்டிற்கு ஓடிவர முடியுமா? உயிர் நீங்கிற்றென்று நிச்சயித்தல் மாத்திரம் வைத்தியர் பொறுப்பு. ஆகையால் மரணச் சான்றை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்றே உயர்த்தி வைத்தல் நம் வேலை.

1945ஆம் ஆண்டிலேயே சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அவர்கள் கண் வங்கி ஏற்படுத்தினார். அத்தனை காலமாய் இக்காரியம் நடந்துவரும் நாட்டில், "டாக்டர் எங்கே?" என்ற ஒரு கேள்வியால் நாங்கள் இருவர் பார்வையைக் கெடுத்தோம்.

சிறுநீரகம், ஈரல், இருதயம் ஆகியவற்றின் சங்கதி வேறு. இவற்றை வீட்டில் எடுக்கலாகாது. இதற்கெனப் பதிவுபெற்ற ஆஸ்பத்திரியில் பதிவுபெற்ற வைத்தியரே எடுத்தல் வேண்டும். மூளைச்சாவு என்று கூறுவதாயின் நான்கு வைத்தியர் கூடி, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துக் கையொப்பமிட வேண்டும். நரம்பு வைத்தியர் அகப்படாத இடத்தில் வேறு வைத்தியரை அமர்த்தலாம். அவர் உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்தவராயிருத்தல் ஆகாது. அதிகாரமின்றி உறுப்பை எடுப்பவர்க்கும் அதற்கு உதவுவோர்க்கும் பத்தாண்டு வரை சிறையும் இருபது லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எங்கள் பெரியவருடைய அச்சம் இங்கே பொருந்துமேயன்றி, கண்ணைக் கொண்டுபோக வந்த பெண்ணிடம் பொருந்தாது.

இனி, எடுக்கச் சம்மதிக்க உரியவர் யார்? இறந்தவர் தாமே, நெருங்கிய உறவினர் ஒருவரேனும் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவைத்து, பின்னர் அதை மாற்றாதிருந்தால், உடலை வைத்திருப்போர் அதற்கு வசதி செய்து கொடுக்கவே கடமைப்பட்டவர். பங்காளியோ ஊர்ப்பெரியவரோ புதிதாக உத்தரவு கொடுக்க வேண்டுவதில்லை. எழுதிவையாதவர் விஷயத்தில், உடலைச் சட்டப்படி வசத்தில் உடையவர், நெருங்கிய உறவினர்க்கு ஆட்சேபமில்லையெனக் கண்டு, அனுமதி தரலாம்.

இவ்விடத்தில் நமது சங்கத்தின் ஈமக்கிரியை உதவிக் கமிட்டியார்க்கு ஒரு வார்த்தை, அவர்கள் வருத்தப்படலாகாது. தகனத்திற்கோ அடக்கத்திற்கோ மாத்திரம் உடலை ஒப்புக்கொண்டவர், உறுப்பெடுக்க அனுமதி தரலாகாதென்று சட்டம் வெளிப்படையாய்த் தடுக்கின்றது. பிள்ளைகள் அயல்தேசத்திலிருக்க, தனியே இறந்துபோகும் நம் முதியோர்க்குக் கமிட்டியாரே எல்லாம் செய்கின்றனர். அந்நல்லெண்ணத்தால் தானப் படிவத்திலும் கையொப்பமிட்டுவிடலாமென்று ஒருவர் என்னிடம் சொன்னார். கூடாது. கமிட்டியார் செய்யத்தக்கது, அங்கத்தினர் குறிப்பேட்டில் இன்னார் எழுதிவைத்திருக்கிறார், இன்னார் சாட்சி, கண் வங்கிக்குத் தொலைபேசி எண் இன்னது என்று ஒரு பத்தி சேர்த்து, வேளை வரும்போது அதை எடுத்து நீட்டுவதே. அந்தப் பத்தி அன்றைக்கு இருந்திருந்தால், வாய்திறவாத என்னை நம்பி என் தமையனார் கண்கள் காத்திருக்க நேர்ந்திராது.

படிவங்கள் காரியதரிசி அவர்களிடம் இருக்கின்றன. என்னுடையதை இன்றே எழுதக் கொண்டுவந்திருக்கிறேன். உறவினர் சாட்சியாக என் மகன் வந்திருக்கிறான். இன்னொரு சாட்சி வேண்டும். கூட்டம் கலைந்ததும், இழவு வீட்டில் உரக்கப் பேசக்கூடியவர் ஒருவர் மேடைப்பக்கம் வந்தருளுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.