நம் கையால் ஒரு கம்பளிச் சால்வை



பிரிஞ்சாங் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஈப்போவிலும் தாப்பாவிலும் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாத இரவிலே, நாம் இங்கே இரண்டாவது போர்வையைத் தேடிக் கொண்டிருப்போம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப் பகுதிக்கு வந்து சென்றார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துக் கன்று நட வந்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் இருந்தார்கள். வெயில் காயும் ஊர்களுக்கு ஏற்ற பருத்திச் சேலையோடு வந்தவர்கள், முந்தானையை இரண்டாக மடித்துத் தலையில் போட்டுக் கொண்டு பெரட்டுக்குப் போனார்கள். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டையும் சேர்த்து இழுத்துக் கொள்ளும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் இதை வேறு விதமாகப் பார்க்கிறோம். பனி மூடிய காலையில் கையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நிற்கும் பிள்ளைக்கு முதல் பாடம் முடியும் வரை பென்சில் பிடிபடாது. எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று கடிந்து கொள்வதற்கு முன் அந்த விரல்களைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. கடையில் வாங்கும் குளிர்ச்சட்டை ஓராண்டில் சிறிதாகிவிடும். சால்வைக்கு அந்தக் குறை இல்லை. இன்று தோளில் போட்டதை நாளை கழுத்தில் சுற்றலாம், நாளை மறுநாள் பாட்டியின் முழங்காலிலும் போர்த்தலாம்.

ஆகவே இன்றைய பேச்சில், கொக்கி ஊசி கொண்டு ஒரு முக்கோணச் சால்வை பின்னும் முறையைக் காண்போம். குரோஷே என்று சொல்கிறோமே, அந்த வேலைதான். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய கொக்கி என்றே பொருள். இதற்கு முன் ஊசியைத் தொட்டிராதவர்களும் செய்யலாம்.

"கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரலுக்கு இதெல்லாம் வருமா, டீச்சர்?" என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று கண்ணால் பாராமலே கண்டுகொண்ட விரல்கள் அவை. இன்று பல மலைகளில் இயந்திரம் கொழுந்து வெட்டுகிறது. ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் எங்கும் போய்விடவில்லை. வெடித்த தோலில் நூல் சிக்கும் என்பது மட்டும் உண்மை. இரவில் சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்து, மறுநாள் கை கழுவித் துடைத்துவிட்டு ஊசியை எடுங்கள்.

வாங்க வேண்டியவை சிலவே. 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி ஒன்று. நடுத்தரப் பருமனுள்ள உல்லன் நூல், 50 கிராம் உருண்டைகள் 4. உருண்டையின் தாளில் ஏறத்தாழ 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அது நமக்கு ஏற்ற பருமன். இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், முனை மழுங்கிய தடித்த ஊசி, இரண்டு சேஃப்டி பின். முதல் சால்வைக்குக் கறுப்பு நிறமும் அடர்நீலமும் வேண்டாம். வீட்டு விளக்கில் கண்ணி தெரியாது. முடி முடியாய்ச் சிலிர்த்து நிற்கும் நூலும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தவறினால் பிரிக்க வராது.

இனிப் பழக வேண்டியவை இரண்டே கண்ணிகள். முதலாவது சங்கிலி. நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுப் போட்டு, கொக்கியால் பிடித்து, ஊசியில் உள்ள வளையத்தின் வழியே இழுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று. ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பின்னிப் பிரித்துப் பழகினாலும் நேரம் வீணில்லை.

இரண்டாவதற்கு உயரக் கண்ணி என்று பெயர் வைத்துக் கொள்வோம். முதலில் நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கொள்ளுங்கள். பிறகு ஊசியைக் கீழ் வரிசைக் கண்ணிக்குள் விட்டு, நூலைப் பிடித்து வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் 3 வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி முதல் 2 வளையங்கள் வழியே இழுங்கள், 2 மிஞ்சும். இன்னொரு முறை சுற்றி அந்த 2 வளையங்கள் வழியேயும் இழுங்கள், 1 மிஞ்சும். அவ்வளவுதான். இதே கண்ணியை ஆங்கிலேயர் புத்தகங்களில் டிரெபிள் என்பார்கள், அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்பார்கள். கைப்பேசியில் படம் பார்த்துப் பழகும் பிள்ளைகள் இந்தப் பெயர்க் குழப்பத்தை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

சால்வையை அதன் கீழ்முனையிலிருந்து தொடங்குகிறோம். 4 சங்கிலி போடுங்கள். முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே, அதாவது ஊசியிலிருந்து எண்ணினால் நாலாவதில், 2 உயரக் கண்ணிகள் போடுங்கள். ஓரத்தில் நிற்கும் 3 சங்கிலிகளைச் சேர்த்து ஒரு கண்ணி என்று கணக்கு. ஆக, முதல் வரிசையில் 3 கண்ணிகள்.

வேலையைத் திருப்புங்கள். 3 சங்கிலி போடுங்கள். இது இரண்டாம் வரிசையின் முதல் கண்ணி. அது எந்தக் கண்ணியின் மேல் நிற்கிறதோ, அதே கண்ணிக்குள் இன்னும் 2 உயரக் கண்ணிகள். நடுவில் உள்ளதில் ஒன்று. கடைசியில், முன் வரிசையின் 3 சங்கிலி நிற்கிறதே, அதன் உச்சியில் 3 உயரக் கண்ணிகள். எண்ணிப் பாருங்கள், 7 வரும். சால்வை முடியும் வரை இதே பாடம்தான். இரு ஓரங்களிலும் மூன்று மூன்று, நடுவில் ஒவ்வொன்றிலும் ஒன்று. வரிசைக்கு 4 கண்ணி கூடும்.

ஆசிரியர்களுக்குக் கணக்கு இல்லாமல் எதுவும் சொல்ல வராது, பொறுத்துக் கொள்ளுங்கள். வரிசை எண்ணை 4ஆல் பெருக்கி 1ஐக் கழியுங்கள், அந்த வரிசையில் இருக்க வேண்டிய கண்ணிகள் கிடைக்கும். 10ஆம் வரிசையில் 39, 20ஆம் வரிசையில் 79, 40ஆம் வரிசையில் 159. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். நாலாம் வாய்பாடு அம்மாவின் மடியிலேயே மனப்பாடமாகும். எண்ணிக்கை குறைந்தால், பெரும்பாலும் கடைசியில் உள்ள சங்கிலியின் உச்சியை விட்டிருப்பீர்கள். திருப்பியவுடன் அந்த மூன்றாவது சங்கிலியில் சேஃப்டி பின்னைக் குத்தி வைத்தால் திரும்பி வரும்போது தப்பாது. பிழை கண்டால் தயங்காமல் பிரித்துவிடலாம். இந்த வேலையில் ஊசியில் இருப்பது எப்போதும் ஒரே வளையம். ஆகையால் பிரித்த இடத்தில் ஊசியை மாட்டித் தொடரலாம், நூலும் கெடாது.

கண்ணிக்குள் ஊசி நுழைய மறுத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். புதியவர்கள் எல்லாருக்கும் இது வரும். 6 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறிக் கொள்ளுங்கள். சால்வை கொஞ்சம் தொளதொளப்பாக இருப்பதே நல்லது. கம்பளி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. கண்ணிகளுக்குள் தங்கும் காற்றுத்தான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கெட்டியாகப் பின்னினால் கனம் கூடுமே தவிர, அதே அளவுக்குச் சூடு கூடாது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் வலக்கைக்கு மாற்றாதீர்கள். எதிரே உட்கார்ந்து செய்து காட்டுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல் அது தன் கையால் செய்து கொள்ளும்.

நூல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. முக்கோணம் மேலே போகப் போக அகலமாகும். 20ஆம் வரிசை முடிந்ததும் பாதி முடிந்தது என்று மகிழ்வோம். உண்மையில் நூலில் கால் பங்குதான் சென்றிருக்கும். முதல் உருண்டை 20ஆம் வரிசை வரை வந்தால், இரண்டாவது 28 வரைதான் வரும், மூன்றாவது ஏறத்தாழ 35 வரை, நாலாவது 40 வரை. ஆகவே, முதல் உருண்டை எந்த வரிசையில் தீர்கிறதோ, அதே நூலில் 4 உருண்டைகளுக்கு அதைப் போல இரண்டு மடங்கு வரிசை வரும் என்று கணித்துக் கொள்ளலாம். ஒரே சாய எண்ணுள்ள உருண்டைகளை ஒரே தடவையில் வாங்கி வையுங்கள். பிறகு போனால் அதே சிவப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

40 வரிசை முடிந்தால் மேல் ஓரம் ஏறத்தாழ நாலரை அடி வரும், நடு ஆழம் 2 அடி. பெரியவர்களுக்கு இது போதும். சிறு பிள்ளைக்கு 24 வரிசையில் நிறுத்தலாம். கீழிருந்து தொடங்கியதன் நன்மை இதுதான். கையில் நூல் இருக்கும் வரை பின்னலாம், எந்த வரிசையில் நிறுத்தினாலும் அது முழுச் சால்வையே. முடிக்கும்போது ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, நுனியைக் கடைசி வளையத்தின் வழியே இழுத்து இறுக்குங்கள். தொங்கும் நூல்களை மழுங்கிய ஊசியால் கண்ணிகளுக்குள் ஓட்டி மறையுங்கள்.

இதை விற்கலாமா என்று கேட்பார்கள். ஊசியும் நூலும் பெண்களுக்குச் சோறு போட்ட கதைகள் உண்டு. 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கொக்கி ஊசியால் சரிகை பின்னி விற்றுப் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. நாகர்கோவிலில் 1820ஆம் ஆண்டையொட்டி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகை பின்னக் கற்பித்தார். அது கொக்கி ஊசி வேலை அன்று. திண்டின் மேல் குண்டூசி குத்திச் சிறு கட்டைகளில் சுற்றிய நூலால் பின்னுவது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக் கொண்ட பெண்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் காலத்தில், 2016 ஜனவரியில், பல ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கி உலக சாதனை செய்தார்கள்.

நம் சால்வைக்கு வருவோம். 40 வரிசையில் மொத்தம் 3,240 கண்ணிகள். பழகியவர் நிமிடத்துக்கு 5 கண்ணி போட்டாலும் ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். தினமும் அரை மணி என்றால் 22 நாள். "நூல் காசைத் தருகிறேன், எனக்கொன்று பின்னிக் கொடு" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குக் கூலி கேட்க நமக்குத் தெரியும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ததால் 11 மணி நேரம் இலவசமாகிவிடாது. வேண்டியவருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள், அது வேறு. விற்றால் கூலியைச் சேர்த்தே விற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னும் சில சொல்ல வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் உல்லன் நூல் பெரும்பாலும் செயற்கை இழை, அதாவது அக்ரிலிக். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும். சால்வையோடு அடுப்பண்டை நிற்காதீர்கள். மழை மாதங்களில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தவும் வேண்டாம். தூங்கும் கைக்குழந்தையின் மேல் இதைப் போர்த்தாதீர்கள். விரல் கண்ணிக்குள் மாட்டும், முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் பக்கமோ, தொழிற்சாலைக்குள்ளோ சால்வை அணிந்து போகக் கூடாது. ஒரு நூல் மாட்டினாலும் உடம்பையே இழுத்துவிடும். பெரட்டு வரைக்கும் போர்த்திக் கொண்டு போய், பிறகு மடித்துப் பையில் வைத்துவிடுங்கள்.

துவைப்பதற்கு இளஞ்சூட்டு நீர் போதும். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் இழுபட்டு நீண்டுவிடும். பாயில் பரப்பி, மூன்று முனைகளையும் கையால் இழுத்துச் சரிசெய்து காயவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். இடையில் ஒரு முறை புரட்டிப் போடுங்கள்.