வளர்ந்தோரிடம் காணும் பிறவி வால்வுக் குறைகள்



நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு வால்வுகள் திறந்து மூடி, இரத்தத்தை ஒரே திசையில் செலுத்துகின்றன. ஒரு வால்வு பழுதானால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ருமாட்டிக் காய்ச்சலே. இது இயல்பானதுதான். இளமையில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் அக்காய்ச்சல் எண்ணற்றோரின் வால்வுகளைச் சிதைத்திருக்கிறது. எனினும், வால்வுக் கோளாறு உள்ளவர் அனைவரும் அந்நோய்க்கு ஆளானவர் அல்லர். சிலர் அக்குறையுடனேயே பிறந்து, நடுத்தர வயதுவரை அதை அறியாமலே வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

இதழ்களின் கணக்கு

இடது கீழறையிலிருந்து இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்வது பெருந்தமனி. அதன் வாயிலில் உள்ள வால்வுக்கு மூன்று இதழ்கள் இருத்தல் வேண்டும். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டு இதழ்களே அமைகின்றன. ஆண்களிடம் இது மிகுதி. இரண்டு இதழ்கள் மூன்றின் வேலையைச் செய்வதால் விரைவில் தடித்து, சுண்ணாம்பு படிந்து, வழி குறுகுகிறது. மற்றவர்க்கு முதுமையில் வரும் அடைப்பு இவர்களுக்குப் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே வரலாம். பெருந்தமனியே விரிந்து கிழியும் அபாயமும் உண்டு.

நான்கு இதழ்கள் அமைவது மிக அரிது. பல்லாயிரவரில் ஒருவருக்கே நேர்வது. இங்கே தொல்லை பெரும்பாலும் அடைப்பன்று, கசிவு. இதழ்கள் நடுவில் சரிவரப் பொருந்தாமையால் இரத்தம் பின்னோக்கி வழிகிறது.

மற்றோர் அரிய குறை வலப்புறத்து மூவிதழ் வால்வில் காணப்படுவது. வால்வின் இதழ்கள் தமக்குரிய இடத்தை விட்டு வலது கீழறைக்குள் தாழ்ந்து பொருந்தியிருக்கும். 19 வயதில் இறந்த ஒரு தொழிலாளியின் இதயத்தை ஆராய்ந்து, ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் 1866-இல் இதனை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. கடுமையாக இருந்தால் குழந்தைப் பருவத்திலேயே உடல் நீலம் பாரிக்கும். மிதமாக இருந்தாலோ, வளர்ந்த பின் படபடப்பாகவும் களைப்பாகவும் மட்டுமே வெளிப்படும்.

காரணம் தெரிவதன் பயன்

காரணம் எதுவாயினும் பழுது ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறன்று. ருமாட்டிக் நோயாளிக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் தேவைப்படும். பிறவிக் குறை உடையவர்க்கு அந்த ஊசியால் பயனில்லை. அவருக்கு வேண்டியது பெருந்தமனியின் அகலத்தைக் காலந்தோறும் அளந்து பார்ப்பது. மேலும், இரண்டிதழ் வால்வு குடும்ப வழியில் வருவதுண்டு. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும். நோயின் பெயர் தவறானால் அவர்களைச் சோதிக்க யாரும் நினைக்கமாட்டார்கள். நிற்க, நோயாளி தாமாகவே ஊசியை நிறுத்திவிடுதல் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது எக்கோ எனும் ஒலியலைப் பரிசோதனை. 1953-இல் ஸ்வீடன் நாட்டில் தோன்றிய இம்முறையில் கத்தியும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அதற்கு முன்னர், யாரேனும் ஒருவர் நெஞ்சில் ஒலிமானியை வைத்து முரல் ஒலியைக் கேட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரிடம் பிறவி இதயக் குறைகளைத் தேடுகிறது. இது போற்றத்தக்கது. ஆயினும் நான் கூறிய குறைகள் பல, அந்த வயதில் அறிகுறி காட்டாதவை. ஆகவே வளர்ந்தோர் தாமே மருத்துவரிடம் வரும் வேளைகளைத் தவறவிடலாகாது. கருவுற்ற பெண்ணின் முதற் பரிசோதனையும், பணியில் சேர்வோரின் உடற்தகுதிச் சோதனையும் அத்தகைய வேளைகள். உழைக்கும்போது மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை தோன்றினால் அவற்றைச் சோர்வென ஒதுக்கலாகாது.

வால்வை மாற்ற நேர்ந்தால் அஞ்சத் தேவையில்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முதல் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது வென்றது. எனினும் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்ண வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். அம்மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. ஆதலால் இளம்பெண்களுக்கு முன்கூட்டியே ஆலோசனை தேவை. சிகிச்சை அறுவைக் கூடத்தோடு முடிவதில்லை. அந்த இரத்தப் பரிசோதனை சிற்றூருக்கு அருகிலேயே கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை.

அரிய நோய் என்பதால் அது சிறிய பொறுப்பாகிவிடாது. மாணவர்கள் காது கொடுத்துக் கேட்கவும், அலுவலர்கள் எக்கோ கருவியை மாவட்ட மருத்துவமனைதோறும் இயங்கச் செய்யவும் முன்வந்தால், பிறவியிலேயே வந்த குறை அகால மரணமாக முடியாமல் தடுக்கலாம்.