பெரியார் சாலையும் சத்தியவாணி முத்து நகரும்

1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டியது நம்ம சேலத்தில்தான். நாம் கூடியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியின் பெயரிலோ சாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பெயரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

சென்னைப் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு 1979இல் பெரியார் பெயரை வைத்தார்கள். 2021 ஏப்ரலில் வழிகாட்டிப் பலகையில் திடீரென்று ‘கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு’ என்று வந்தது. கொதித்தோம். நியாயமான கோபம்தான், நானும் ஃபேஸ்புக்கில் பத்தி பத்தியாக எழுதினேன்.

அந்தச் சாலை தொடங்கும் சென்ட்ரல் பக்கம், கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண் தலைவரின் பெயர் அது. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று 2019 டிசம்பர் கடைசியில் அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். மக்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மூட்டை தூக்கும் வேலையும் வீட்டு வேலையும் இங்கே, குடியிருப்பு அங்கே. பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு பாதிதான் முடிந்திருந்தது.

அப்போது நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆய்வுக்காகப் பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே சாலையின் வரைபடங்கள்தான், தோழர்களே.