தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காமல் செய்யும் மிட்டாய்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. போன வாரம் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்து, "தீபாவளி வருது, வீட்ல சுலபமா செய்யற மிட்டாய் பத்தி நீ பத்து நிமிஷம் பேசு"ன்னு சொன்னாங்க. "செஞ்சு காட்டுதேன் அக்கா, பேச வராது"ன்னேன். "செஞ்சும் காட்டு, பேசவும் பேசு"ன்னுட்டாங்க. அதனால் பேச்சில் தப்பு இருந்தால் பொறுத்துக்கணும். மிட்டாயில் தப்பு இருந்தால் பொறுத்துக்க வேண்டாம், முகத்துக்கு நேரே சொல்லுங்க.

தீபாவளிப் பலகாரம்னாலே நமக்கு முறுக்கு, அதிரசம், சுசியம்தான் ஞாபகம் வரும். அதுக்கெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நாலு மணி நேரம் நிக்கணும். அதிரச மாவுப் பக்குவம் ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் சட்டியிலேயே கரைஞ்சு போகும். தீப்பெட்டி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு சாயங்காலம் வீடு திரும்புகிறவளுக்கு அந்த நேரம் எங்கே இருக்கு? கேக், பிஸ்கட்டு செய்யலாம் என்றால் ஓவன் வேண்டும். ஓவனும் இல்லாமல், எண்ணெய்ச் சட்டியும் இல்லாமல் செய்கிற மிட்டாய் நம்மிடம் முன்னாலேயே இருக்கு. மாலாடு, கடலை உருண்டை, எள்ளுருண்டை, தேங்காய் மிட்டாய். இதில் மூன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எள்ளுருண்டைக்கு என்னைவிட நல்லாச் சொல்கிற பெரியம்மா ஒருத்தர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கிடுங்க.

முதலில் மாலாடு. பழகாத கைக்கு இதுதான் நல்லது. அரைக் கிலோ பொட்டுக்கடலை, 400 கிராம் சீனி, 200 கிராம் நெய். ஏலக்காய் ஏழெட்டு, முந்திரி உங்க வசதிப்படி. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான். ஆனாலும் வெறும் சட்டியில் சிறு தீயில் ரெண்டு மூணு நிமிஷம் சூடு காட்டணும். நிறம் மாறக் கூடாது, கையில் எடுத்தால் சுடணும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கடையில் வாங்குகிற கடலை நமுத்துப்போய் இருக்கும். நமுத்ததை அரைத்தால் மாவு நைசாக வராது, உருண்டையும் சீக்கிரம் கெடும். நல்லா ஆறின பிறகு மிக்சியில் அரைத்துச் சலிச்சுக்கணும். சீனியையும் ஏலக்காயையும் தனியா அரைச்சுக் கலக்கணும்.

இனிமேல்தான் எல்லாரும் தப்புச் செய்கிற இடம். மொத்த நெய்யையும் காய்ச்சி மொத்த மாவிலும் ஊற்றிவிடுவோம். பத்து உருண்டை பிடிக்கிறதுக்குள்ளே நெய் ஆறிப்போகும், மிச்சம் உதிர ஆரம்பிக்கும். உடனே என்ன செய்வோம்? இன்னும் நெய், இல்லாவிட்டால் கொஞ்சம் பால். பால் தெளிச்சால் உருண்டை பிடிக்கத்தான் செய்யும், ஆனால் அது ரெண்டு நாள் பலகாரம் ஆகிவிடும். மாலாடு பதினைந்து நாள் நிற்பதே அதில் தண்ணீர் இல்லை என்கிறதால்தான். அதனால் மாவை நாலு பங்காகப் பிரிச்சுக்கோங்க. ஒரு பங்கைத் தாம்பாளத்தில் குவிச்சு, நடுவில் குழி பண்ணி, முந்திரி பொரிஞ்ச சூட்டோடு கால் பங்கு நெய்யை ஊற்றி, முதலில் கரண்டியால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிடிங்க. அது முடிஞ்ச பிறகு அடுத்த பங்கு. எலுமிச்சம்பழ அளவில் முப்பத்தைந்து உருண்டைக்குக் குறையாமல் வரும். அடுப்பு எரியிற நேரம் மொத்தமே கால் மணிதான். பிள்ளைகளையும் கூட உட்கார வைத்து உருட்டச் சொல்லலாம். உருண்டை கோணலா வந்தாலும் பரவாயில்லை.

கடலை உருண்டைக்குப் பிள்ளைகளைப் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கரிசல் பூமியில் கடலை மிட்டாயைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, எல்லாருக்கும் தெரியும். அதனால நாம வீட்டில் செய்ததுக்கு அந்தப் பேரை ஒட்டி விற்கக் கூடாது. "கடலை உருண்டை"ன்னு போடுங்க, வாங்குகிறவர்கள் வாங்குவார்கள்.

வறுத்துத் தோல் நீக்கின கடலை அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோவுக்குச் சற்று மேலே. கடலையை வறுக்கிறதுக்கு முந்தி சுளகில் போட்டு உட்கார்ந்து பொறுக்கணும். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை வாடை வருகிறது எதுவும் உள்ளே போகக் கூடாது. பூஞ்சை பிடிச்ச கடலையில் அஃப்ளாடாக்சின் என்கிற நச்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. ரெண்டு ரூபா கடலையைத் தூக்கிப் போட மனசு வராதுதான், போட்டுத்தான் ஆகணும்.

வெல்லத்தைக் கடையில் கேட்கும்போது "பாகு வெல்லம்"னு கேட்டு வாங்குங்க. உப்புக் கரிக்கிற வெல்லம், கையில் ஒட்டுகிற வெல்லம் இதுக்கு ஆகாது. மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டுக் கரைச்சு, மண் போக வடிகட்டி, திரும்பவும் கொதிக்க விடணும். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. முதலில் கரையும். அடுத்து இழுத்தால் கம்பி போல வரும். அப்புறம் மெத்தென்று உருட்ட வரும். அதிரசத்துக்கு அந்தப் பதம் போதும், கடலை உருண்டைக்குப் போதாது. இன்னும் விட்டால், தண்ணீரில் உருட்டின பாகைத் தட்டில் போட்டதும் "டங்"னு சத்தம் கேட்கும். உடனே அடுப்பை அணைச்சு, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு பிடிக்கணும். நமக்குக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். அதுக்குள்ளே போன் வந்தால் எடுக்காதீங்க.

அந்தப் பாகு கொதிக்கிற தண்ணீரைவிட அதிகச் சூடு. தண்ணீர் பட்டால் வழிஞ்சு ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டே சுடும். அதனால்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்றேன். பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பட்டுவிட்டால் பிய்க்கக் கூடாது. உடனே அந்தத் தண்ணீரில் முக்கி, பிறகு குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டணும். பேஸ்ட்டு, இங்க், மாவு ஒன்றும் தடவாதீங்க. கொப்பளம் பெரிசாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

அடுத்தது தேங்காய் மிட்டாய். செய்கிறதுக்கு ரொம்ப லேசு. துருவின தேங்காய் ரெண்டு டம்ளர், வெள்ளைப் பகுதி மட்டும். சீனி ஒன்றரை டம்ளர், தண்ணீர் கால் டம்ளர். சீனி கம்பிப் பதம் வந்ததும் தேங்காயைப் போட்டு, தீயைக் குறைச்சு, கை எடுக்காமல் கிளறணும். ஓரத்தில் நுரை கூடி, சட்டியை விட்டுச் சுருண்டு வரும்போது நெய் தடவின தட்டில் கொட்டிப் பரத்தி, சூட்டோடு கத்தியால் கோடு போடணும். ஆறினதும் துண்டு போடலாம். இதில் "ஆறினதும்" என்கிற ஒரு வார்த்தையால் எங்கள் குழு நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. பக்கத்து டவுனில் ஓர் அலுவலகத்தில் இருந்து அரைக் கிலோ டப்பா 40 கேட்டிருந்தார்கள். டப்பா 180 ரூபாய். அதுவரைக்கும் நாங்கள் ஒரே நேரத்தில் ரெண்டு கிலோவுக்கு மேல் செய்ததே கிடையாது. ஐப்பசி அடைமழை. சட்டி சட்டியாகக் கிளறினது நான். டப்பாவில் அடுக்கிக் கட்டினது எங்க மதினி. நாலு மணிக்கு வண்டி வரும் என்றார்கள், கடைசிச் சட்டி இறங்கும்போதே ரெண்டரை ஆகிவிட்டது. மதினி தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடி இன்னும் சூடா இருக்கே"ன்னார். நான், "மேல ஆறிட்டு மதினி, கட்டுங்க, வண்டிக்காரன் நிக்கான்"னேன். கட்டினார்.

அஞ்சாம் நாள் போன் வந்தது. டப்பா மூடிக்கு உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கிறது, மிட்டாய் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று. நல்ல வேளை, யாரும் சாப்பிடவில்லை. சூட்டோடு மூடினால் ஆவி போக இடம் இல்லாமல் அங்கேயே தண்ணீராகிவிடும், தேங்காயில் சும்மாவே ஈரம் இருக்கு, பூஞ்சைக்கு அது போதும். 7,200 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தோம்.

கூட்டம் போட்டோம். "டப்பா கட்டினது யாரு?" என்று கேள்வி வந்தது. மதினி என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பாகு கிளறுகிறவள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது, அது போய்விடுமே என்கிற பயம். மதினி 1,500 ரூபாய் கட்டணும், மிச்சம் குழுப் பணத்தில் இருந்து என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். "கட்டியவரின் கவனக்குறைவு" என்றும் எழுதினார்கள். அதில் என் கையெழுத்தும் இருக்கு.

மதினி அந்த மாதமே பணத்தைக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பை மட்டும் மகளிடம் கொடுத்துவிடுவார். ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் தலையை ஆட்டுவார், பேச்சு கிடையாது. மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளை பாஸ் புக்கை நீட்டிக்கொண்டே கேட்டது: "அத்தை, எங்கம்மா எங்களுக்கே சூடா இருந்தா டப்பாவில போட விடமாட்டாங்க. அன்னைக்கு மட்டும் எப்படிக் கட்டினாங்க?"

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, கட்டச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். பழைய தீர்மானத்துக்குக் கீழேயே இதையும் எழுதச் சொல்லி ஊக்குநரிடம் கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருத்தர் மட்டும், "இதைச் சொல்ல நாலு மாசமா உனக்கு?"ன்னு கேட்டார். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. 1,500 ரூபாயை மதினி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என நினைச்சேன். அவர் வாங்கி, என் முன்னாலேயே எண்ணி, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "இனிமே பெட்டி கட்டுறது நான் சொல்றப்பதான்"னார்.

இப்போது அதுதான் எங்கள் குழுவின் விதி. வாசலில் வண்டி நிற்கட்டும், யார் வேண்டுமானாலும் போன் பண்ணட்டும், மதினி தட்டின் அடியைத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு மூடி மூடக் கூடாது. தேங்காய் மிட்டாய் என்றால் துண்டு போட்டு, திருப்பிப் போட்டு, மெல்லிய துணி மூடி ஒரு ராத்திரி வைக்கிறோம். வெளி ஆர்டருக்கு அதை எடுப்பதையே விட்டுவிட்டோம். வீட்டுக்குச் செய்தால் கொஞ்சமாகச் செய்து அஞ்சு நாளைக்குள் தின்றுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். வெளியே அனுப்ப மாலாடுதான் சரி. கடலை உருண்டையும் மழை ஈரத்தில் பிசுபிசுக்கும், காற்றுப் புகாத டப்பா வேண்டும்.

விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் டப்பா வெளியே போகக் கூடாது. நாங்கள் பதிவு செய்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 14 இலக்க எண் கொடுப்பார்கள், அதை லேபிளில் போடணும். என்னென்ன சேர்த்தது, எடை, செய்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிடணும், எல்லாம் எழுதணும். கடலையும் முந்திரியும் சேர்த்திருந்தால் அதைத் தெளிவாகப் போடுங்க. சிலருக்கு அது ஒத்துக்காது, அதனால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று நேற்று மதினியிடம் கேட்டேன். "சொல்லு, ஆனா அளவைச் சரியாச் சொல்லு, போன தடவை நெய்யைக் குறைச்சுச் சொல்லிட்டே"ன்னார். ரெண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அளவு சரிதானே மதினி?

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூணாவது மேசையில் மாலாடு வைத்திருக்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கோங்க. கை பழக நினைக்கிறவங்க வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமைப்புக் கட்டடத்துக்கு வாங்க. பொட்டுக்கடலையும் சீனியும் வாங்கி வைத்திருக்கிறேன். நெய் மட்டும் அவங்கவங்க கொண்டு வாங்க, விக்கிற விலை உங்களுக்கே தெரியும்.