அசோக்கின் சீட்டு

(புதுச்சேரியில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உலகப் பிரச்சினைகளைப் பல கோணங்களில் விவாதிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி, பள்ளி ஆசிரியர் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறேன், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிற, எல்லாச் சாதியும் கலந்த கூட்டம். அங்கே நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஜனநாயகமும் பன்மைத்துவமும் பற்றி ஒரு பாடம் இருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் பதக்க மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் கதையோடு தொடங்கும். கடைசியில் ஒரு பயிற்சி. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் விவாதிக்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின அல்லவா, அதைப் பற்றி மூன்று கற்பனை மனிதர்கள் பேசுவார்கள். அமன்தீப் கௌர் அரசு அதிகாரி. சாதிப் பாகுபாட்டைச் சட்டம் தடை செய்துவிட்டது, மிச்சமிருந்தால் அது உள்நாட்டு விவகாரம் என்பார். ஒய்னம் சமூகவியலாளர். இனம் உடல் சார்ந்தது, சாதி சமூகம் சார்ந்தது, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்பார். அசோக் தலித் செயற்பாட்டாளர். உள்நாட்டு விவகாரம் என்பதே வாயை அடைக்கிற வழி, இனமும் வெறும் உடல் சமாச்சாரம் இல்லை என்பார். நீ யார் பக்கம், ஏன் என்பதுதான் கேள்வி.

நம் பாடநூல்களில் இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைக்கிறோம் என்று 2022இல் பாடங்களை வெட்டியபோது இந்தப் பாடம் முழுசாகப் போய்விட்டது. புதுச்சேரி அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கியது 2023-24இல். நம் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தபோது அந்தப் பக்கம் அதில் இல்லை. பழைய புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பயிற்சியைத் தமிழில் எழுதி, நகலெடுத்துக்கொண்டு போனேன்.

போய், மூன்று பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டேன். யாருக்கு யார் வருகிறாரோ அவராக நின்று பேச வேண்டும். அசோக் சீட்டு ஒரு பெண்ணுக்கு வந்தது. நன்றாகப் பேசக்கூடிய பிள்ளை. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு வேற சீட்டு குடுங்க. நான் இதைப் பேசினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

அந்தச் சீட்டை ஒரு பையன் ஆசையாக வாங்கிக்கொண்டான். மேசையைத் தட்டித் தட்டிப் பேசினான், கைதட்டல் வாங்கினான். அவனுக்கு அது நாடகம். பேசி முடித்ததும் அசோக்கைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பணக்காரப் பள்ளிகளில் ஐ.நா. சபை மாதிரிப் போட்டி நடத்துகிறார்கள். பிள்ளைகள் கோட் போட்டுக்கொண்டு நார்வேயாகவும் பிரேசிலாகவும் பேசுவார்கள். உலகம் தூரத்தில் இருக்கும்வரை கோணம் மாற்றி நிற்பது சுலபம். நம் வகுப்பில் டர்பன் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பயிற்சியை மறுபடி படித்தேன். அதிகாரிக்குப் பதவி இருக்கிறது, சமூகவியலாளருக்குப் படிப்பு இருக்கிறது. சாதி அடையாளத்தோடு அறிமுகமாகிறவர் அசோக் ஒருவர்தான். மற்ற இருவரும் எங்கே நின்று பேசுகிறார்கள் என்று புத்தகம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சீட்டு இல்லை. யாரும் யாராகவும் நடிக்க வேண்டாம், மூன்று பேரையும் எல்லாருமாகச் சேர்ந்து விசாரிப்போம் என்றேன். இவர் எங்கே நிற்கிறார், இந்தக் கருத்து ஜெயித்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

முதலில் அதிகாரி. "வீட்டுச் சண்டையைத் தெருவுல சொல்லக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லும்" என்றான் ஒருவன். சீட்டைத் திருப்பிக் கொடுத்த பெண் உடனே, "அடிச்சவங்கதான் அப்படிச் சொல்வாங்க, அடி வாங்கினவங்க சொல்ல மாட்டாங்க" என்றாள். யாராகவும் நிற்காமல், அவளாகவே சொன்னாள்.

அதன் பிறகுதான் தகவல்களைக் கொடுத்தேன். 1965இல் ஐ.நா. நிறைவேற்றிய இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்றொரு சொல் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 2001இல் அதே இந்திய அரசு சாதியைப் பேசக் கூடாது என்று நின்றது. டர்பன் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவே இல்லை. மறு வருஷமே, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதி வைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சமூகவியலாளர் அவ்வளவு சுலபமாக இல்லை. அவருடைய வாதத்தை நிஜத்திலும் ஒரு பெரிய அறிஞர் முன்வைத்தார். ஆந்த்ரே பெத்தேய். நம்மூர் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சந்திரநாகூரில் பிறந்தவர். சாதியை இனத்தோடு சேர்ப்பதை எதிர்த்து 2001இல் இந்து நாளிதழில் எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலை இன்றும் படிக்கிறோம். அந்தக் கிராமத்தில் அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதால் சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். அதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. எந்தத் திண்ணையிலிருந்து பார்த்தார் என்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு பையன் கடைசிவரை விடவில்லை. "கறுப்பா இருந்தா பார்த்தாலே தெரியும். சாதி பார்த்தா தெரியாதுல்ல?" பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: "அதனாலதான் எந்தத் தெருன்னு கேக்கறாங்க." கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நானும் எதுவும் சொல்லவில்லை. முடிவில் அவன் ஒய்னம் பக்கமே நின்றான். காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டான். இனவெறி மாநாட்டில் ஒரு ஓரமாக எதற்கு, சாதிக்கென்றே தனியாக ஒரு மாநாடு வேண்டும் என்றான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவனை நடுநிலை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் யோசித்திருக்கிறான்.

ஆசிரியத் தோழர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சாதி வந்தால் வகுப்பில் சண்டை வரும் என்று, பருவநிலை மாற்றத்தையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் விவாதத்துக்கு எடுக்கிறீர்கள். சண்டை ஏற்கெனவே வகுப்பில் இருக்கிறது, சத்தமில்லாமல். அந்தப் பெண் என் காதோரம் வந்து சொன்னது அதைத்தான்.

அந்தப் பயிற்சியின் தமிழ் நகல் இருபது கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு மட்டும் போடாதீர்கள்.