360 சதுர அடியில் கதவை எங்கே வைப்பது?

இன்னைக்கு சின்ன வீட்டைப் பத்திப் பேசப்போறேன். சிரிக்காதீங்க, நிஜமாவே அளவுல சின்ன வீடு. 360 சதுர அடி.

இந்த எண் தமிழக அரசோட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்துல வருது. 2024-ல் அறிவிச்சாங்க. குடிசையில இருக்கிற கிராமத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60-க்கு ஓடு மாதிரி தீப்பிடிக்காத வேற கூரை. இது ஊரகத் திட்டம். திருப்பனந்தாள் பேரூராட்சி, அதனால ஊருக்குள்ள பொருந்தாது. சுத்தியிருக்கிற ஊராட்சிகளுக்குப் பொருந்தும். அப்படி ஒரு ஊராட்சியில இருக்கிற என் சித்தி வீட்டுக்காகத்தான் நான் பேப்பரும் ஸ்கேலுமா உட்கார்ந்தேன். சித்தி, சித்தப்பா, பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, முட்டிவலியோட பாட்டி. நாலு பேர்.

முதல்ல சுவர். 15க்கு 20 அடின்னா 300 சதுர அடி. சுத்தி 9 அங்குலச் சுவர் வச்சா உள்ளே கிடைக்கிறது பதிமூன்றரைக்குப் பதினெட்டரை. அதாவது 250 சதுர அடி. கிட்டத்தட்ட 50 சதுர அடி செங்கல்லுக்கே போயிடுது! இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்லை.

கொத்தனார் சொன்னது, இதுக்குள்ளயே ஹால், ரெண்டு ரூம், கிச்சன். கேட்க நல்லாத்தான் இருக்கு. கிச்சனையும் உள்சுவர்களையும் கழிச்சா மூணு அறைக்கும் சேர்த்து 185 சதுர அடிதான் மிஞ்சும். ஆளுக்கு ஆறுக்குப் பத்து. கட்டிலும் பீரோவும் போட்டா, நடுவுல நடக்கிறவங்க பக்கவாட்டுல திரும்பித்தான் போகணும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்றது வேற: முதல் அறை குறைஞ்சது 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி. ரெண்டாவது அறை 7.5 சதுர மீட்டர், சுமார் 81 சதுர அடி.

அதனால நான் கிச்சனைத் தூக்கி அந்த 60 சதுர அடியில, பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பா வச்சேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள்ல அடுப்பு கொல்லைப் பக்கம்தானே இருக்கும்? அனலும் தாளிப்பு நெடியும் வீட்டுக்குள்ள சுத்தாது. இப்ப கான்கிரீட்டுக்குள்ள ரெண்டே அறை. ஹால் பதிமூன்றரைக்குப் பத்து, பின்னறை பதிமூன்றரைக்கு எட்டு. சித்தி கேட்டாங்க: "ஒரே ஒரு ரூம்தானாடா?" ஒண்ணுதான். ஆனா அதுல மனுஷங்க படுக்கலாம்.

இங்கதான் கதவு வருது. ஹாலிலிருந்து கிச்சனுக்குப் பின்னறை வழியாத்தான் போகணும். நம்ம ஊர்ல வாசல்ல நின்னா கொல்லை தெரியணும்னு கதவுகளை நடுவுல ஒரே நேர்கோட்டுல வைப்பாங்க. நீளமான பெரிய வீட்டுக்கு அது அழகு, காத்தும் வரும். இந்த அறையில நடுவுல 3 அடி வழி விட்டா, ரெண்டு பக்கமும் அஞ்சேகால் அடித் துண்டுதான் மிஞ்சும். ரெண்டுமே உருப்படாது. அதே கதவுகளை இடதுபக்கச் சுவரோட ஓரமா வைங்க. வழி போக பத்தரைக்கு எட்டு அடி ஒரே துண்டாக் கிடைக்கும், 84 சதுர அடி. நேர்கோடும் கெடலை, செங்கல் ஒண்ணுகூட கூடலை.

கழிப்பறைக்குத்தான் பெரிய வாக்குவாதம். வீட்டை ஒட்டி வேண்டாம், கொல்லைக் கடைசியில இருக்கட்டும்னு சித்தப்பா. ஐப்பசி மழையில, ராத்திரி ரெண்டு மணிக்கு, களிமண் சேத்துல பாட்டி எப்படிப் போவாங்க? கிச்சன் சாய்ப்பு 10 அடி அகலம், பின்சுவர் 15 அடி. மிச்சம் 5 அடி இருக்கு. அங்கயே வச்சு, கதவைப் பின்னறையோட வலது மூலையில திறந்தேன். சித்தப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பாட்டிக்கு இருக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிளான் ரெண்டு பக்கமும் ஜன்னல் வைக்க இடம் இருக்கிற மனைக்குத்தான். பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின தெரு மனைன்னா பின்னறை இருட்டாயிடும். அங்க சின்னதா ஒரு முற்றம் விட்டே ஆகணும்.

கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடி மனையில சுண்ணாம்புத்தூள்ல கோடு போட்டுடுங்க. கட்டில், பீரோ அளவுக்கு உள்ளேயும் போடுங்க. சித்தி பொண்ணு அதுல நடந்து பார்த்துட்டு, "ஹால்ல ஜன்னலுக்குக் கீழ என் டேபிள் வரும்ல?"னு கேட்டா. ஜன்னலை ஒன்றரை அடி நகர்த்தினோம். இப்ப வரும்.